கொதிநீரில் உஷ்ண உச்சவரம்பு

சூடேறிய உலோகப் பரப்பிலிருந்து கொதிக்கும் நீர் வாங்கிக்கொள்ளும் உஷ்ணத்திற்கு ஓர் எல்லை உண்டு. அதைக் கடந்தால் நீராவிப் படலம் பரப்பைப் போர்த்தி நீரை அண்டவொட்டாமல் தடுக்க, உலோகம் கண நேரத்தில் பல நூறு பாகை சூடேறி உருகிப்போகவும் கூடும். சாதாரண வாயுமண்டல அழுத்தத்தில், அகன்ற தட்டின்மேல் கொதிக்கும் நீருக்கு இவ்வெல்லை சதுர மீட்டருக்குச் சுமார் 10 லட்சம் வாட் என்பர்.

1756-இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரப் பேராசிரியர் லைடன்ஃப்ராஸ்ட், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் விட்ட நீர்த்துளி 30 வினாடிக்கு மேலும் வற்றாது உருண்டதை எழுதிவைத்தார். அடுத்த நூற்றாண்டில் பாய்லர் வெடிப்புகளுக்கு, இவ்வாறு நீரை உலோகத்திலிருந்து பிரிக்கும் ஆவிப்படலமே காரணமெனச் சிலர் வாதித்தனர்.

எல்லையை முதன்முதலில் முறையாக அளந்து காட்டியவர் ஜப்பானில் செண்டாய் நகரத்துத் தொஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிரோ நுகியாமா. 1934-இல் வெளிவந்த அவரது பரிசோதனை வியக்கத்தக்க எளிமை வாய்ந்தது: கொதிநீரில் அமிழ்த்திய மெல்லிய கம்பியில் மின்சாரம் செலுத்தி, அக்கம்பியின் மின்தடை மாறுவதைக்கொண்டே அதன் உஷ்ணநிலையைக் கணித்தார், ஆகவே அடுப்பும் வெப்பமானியும் அந்த ஒரே கம்பிதான். மின்சாரம் கூடக் கூடக் குமிழிகள் பெருகி, ஒரு கட்டத்தில் நிக்ரோம் கம்பி திடீரெனக் கனன்று அறுந்தது. உருகுநிலை உயர்ந்த பிளாட்டினமோ அறுபடாமல், ஆவியுறை சூழ, நீருக்குள்ளேயே செந்தழலாய் ஒளிர்ந்தது. மின்சாரத்தைக் குறைத்தபோது ஏறிய வழியே இறங்காமல், மிகக் குறைந்த மின்சாரத்திலும் கனன்றிருந்து, பின் சட்டென்று ஆறியது. இவ்விரு நிலைகளுக்கிடையே, உஷ்ணநிலை உயர உயர உஷ்ணப் பரிமாற்றம் குறையும் பகுதி ஒன்று இருத்தல் வேண்டுமென அவர் ஊகித்ததை, 1937-இல் ட்ரூவும் முல்லரும் பரிசோதனையால் மெய்ப்பித்தனர்.

மேலெழும் ஆவியும் கீழிறங்கும் நீரும் ஒன்றையொன்று தடுப்பதே எல்லைக்கு ஹேதுவென்று சோவியத் நாட்டின் குடாட்டெலாட்ஸேயும், பின்னர் அமெரிக்காவில் ஸூபரும் கொண்டனர். பரப்பையொட்டிய மெல்லிய நீரேடு வற்றுவதே காரணம் என்பார் கொள்கையும் (ஹராமுரா, காட்டோ, 1983) ஆதரவு பெற்றுள்ளது. விவாதம் முடிவுறவில்லை.

திடீர்ச் சூட்டின் ஆராய்ச்சிக்கு அணு உலைகள் தூண்டுகோலாயின. 1954 ஜூலை 22-இல் அமெரிக்காவின் ஐடஹோவில் போராக்ஸ் என்னும் பரிசோதனை உலையின் சக்தியை வேண்டுமென்றே ஒரே வீச்சில் உயர்த்தியபோது, விளைந்த அழிவு எதிர்பார்ப்பை மிஞ்சியது. கியோத்தோவில் சகுராய், ஷியோட்சு ஆகியோர் 1977-இல் வெளியிட்ட ஆய்வுகள், சூட்டின் வேகம் மிகுந்தால் எல்லை பொதுவாக உயர்ந்தாலும், சில நிலைமைகளில் குமிழிக் கொதிப்பு முற்றுமுன்னரே ஆவிப்படலம் உண்டாகிவிடலாமென உணர்த்தின.

அண்மைக்காலத்தில் அகச்சிவப்புக் காமிராக்களால் பரப்பில் தோன்றும் வறண்ட திட்டுகளை நேரிற் கண்டு வருகின்றனர்.