கடுகண்ணாவை வளைவுகளும் விசையின் கணக்கும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் பெருவீதியில், கடுகண்ணாவைக் கணவாயின் உச்சியிலே உயர்ந்த கோபுரமொன்று நிற்கின்றது. அவ்வீதியை அமைத்த பொறியியலாளருள் முதன்மையானவரும் 1829ஆம் ஆண்டில் காலமானவருமான கப்டன் டோசனின் நினைவாக, 1832இல் எழுப்பப்பட்டது அது.

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சியை அடக்கியபின், மலைநாட்டுக்குப் படையை விரைவாக அனுப்ப வழி வேண்டுமென அவர்கள் உணர்ந்தனர். 1820இல் எட்வேட் பார்ன்ஸ் இவ்வேலையைத் தொடக்கினார். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் அழைக்கப்பட்ட எளிய மக்களே காட்டை வெட்டினர், கல்லை உடைத்தனர். கணவாயில் அன்று குடையப்பட்ட பாறைவாயிலை இன்றும் வீதியோரத்தே காணலாம்.

குதிரையும் மாட்டுவண்டியும் செல்வதற்கென்றே அவ்வீதி மலைச்சரிவைத் தழுவி வளைந்தது. நடைவேகத்தில் ஊரும் வண்டிக்கு வளைவினால் இடரில்லை. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டி வந்தது. வீதி அகன்றது, தார் பூசப்பட்டது. மலையின் வளைவோ பெரும்பாலும் மாறவில்லை. மாறியது வேகமே.

வளைந்து செல்லும் பொருளின் விசையை ஒல்லாந்து அறிஞர் ஹைகன்ஸ் 1659இல் ஆராய்ந்தார். தாம் கண்ட முடிவுகளை 1673இல் வெளியிட்டார். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதே அவற்றின் சாரம். 1687இல் நியூற்றன் இயக்க விதிகளை வகுத்தபோது இதன் காரணம் தெளிவாயிற்று. பொருள் நேர்கோட்டிலேயே செல்ல முயலும். அதை வளைக்க உள்நோக்கிய விசை வேண்டும். பஸ் வளைவில் திரும்புகையில் பயணி வெளியே தள்ளப்படுவதாக எண்ணுகிறார். உண்மையில் அவர் உடல் நேரே செல்ல முயல்கிறது. ஆசனமும் கைப்பிடியும் அவரை உள்ளே இழுக்கின்றன.

30 மீற்றர் ஆரையுள்ள வளைவொன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 24 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பினால், பக்கவாட்டு ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலில் ஏறக்குறைய 0.15 பங்கு. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு அது 9 கிலோகிராம் சுமை பக்கவாட்டில் அழுத்துவது போன்றது. வேகம் 48 கிலோமீற்றரானால் அப்பங்கு 0.6, சுமை 36 கிலோகிராம். நின்று செல்லும் முதியவரோ, மடியில் குழந்தையை வைத்திருக்கும் தாயோ இதைத் தாங்குவது எங்ஙனம்?

வண்டியின் நிலையும் அதுவே. அதை வளைவில் பிடித்து வைப்பது சக்கரத்துக்கும் தாருக்கும் இடையிலுள்ள உராய்வு. உலர்ந்த வீதி அந்த 0.6ஐத் தாங்கக்கூடும். மழையில் நனைந்து சேறு படிந்த வீதி தாங்காது, வண்டி வழுக்கும். உயரமான பஸ்ஸுக்குக் கவிழும் அபாயமும் உண்டு. மேலும், பிறேக் பிடிப்பதற்கும் அதே உராய்வுதான் வேண்டும். இரண்டையும் ஒருங்கே கேட்டால் உராய்வு போதாமற் போகும். ஆகவேதான் அனுபவமுள்ள சாரதிகள் வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணிக்கின்றனர். இறக்கத்தில் தாழ்ந்த கியரிலேயே செல்கின்றனர்.

கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு வீதிக்கும் இக்கணக்கே பொருந்தும். மலையை வெட்டி வழி சமைக்க மனிதனால் முடிந்தது. ஆயினும் இயற்கையின் விதியை வெட்டி வழி சமைக்க எவராலும் இயலாது. வேகத்தைப் பாதியாக்கினால் விசை காற்பங்காகும். வீடு சேர்வது சில நிமிடம் தாமதமாகலாம், ஆனால் அனைவரும் வீடு சேர்வர்.