பரணில் கிடைத்த ஆகாயக் கருவி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இராசபாளையத்திற்குத் தெற்கே தேவதானம் என்னும் ஊர் உள்ளது. நச்சாடை தவிர்த்த லிங்கர் கோயிலால் அவ்வூர் நேயர்கள் பலருக்கும் அறிமுகமாகியிருக்கும். அவ்வூருக்கும் உலகப் போரின் விமானங்களுக்கும் யாது தொடர்பு என மாணவர்கள் வினவலாம். அத்தொடர்பு ஒரு வீட்டுப் பரணில் உறங்கிக் கிடந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே என் நண்பர் ஒருவர் தம் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டினார். அப்போது பரணிலிருந்து கறுப்பு வண்ணம் பூசிய கனத்த உலோகப் பெட்டி ஒன்று இறங்கிற்று. நண்பரின் பாட்டனார் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானப் படையில் தரைப் பணியாளராக இருந்தவர். பெட்டியைக் கண்டோரில் சிலர் அதனை வெடிகுண்டின் உறுப்பு என்றனர். சிலர் வானொலிப் பெட்டி என்றனர். பழைய இரும்பு வியாபாரியோ தராசுடன் வந்து நின்றார். "அண்ணாச்சி, எடைக்குப் போடுவதா, வைத்துக்கொள்வதா? நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் நண்பர்.

தூசியைத் துடைத்துப் பார்த்தேன். மூன்று அடையாளங்கள் புலப்பட்டன. முதலாவது, ஒரு முடியும் அதன் கீழ் 'ஏ.எம்.' என்னும் எழுத்துகளும். அது பிரிட்டிஷ் விமான அமைச்சின் முத்திரை. இரண்டாவது, '14ஏ' என்று தொடங்கும் எண். அவ்வமைச்சின் பண்டசாலைக் கணக்கில் புகைப்படக் கருவிகளுக்கு உரிய வரிசை அது. மூன்றாவது, பெட்டியினுள்ளே படம் விழும் சதுரம். அளந்தேன், பக்கத்திற்கு 5 அங்குலம் இருந்தது.

ஐயம் நீங்கிற்று. அது 'எஃப் 24' என்னும் விமானப் புகைப்படக் கருவி. 1925ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் விமானப் படை அதனை ஏற்றுக்கொண்டது. 5 அங்குலச் சதுரப் படங்கள் நூற்றிருபத்தைந்து வரை ஒரே சுருளில் எடுக்கலாம். 1942இல் வந்த 'எஃப் 52' என்பதன் படமோ எட்டரை அங்குலத்திற்கு 7 அங்குலம். அமெரிக்கரின் 'கே 24' நம் கருவியின் வழி வந்ததே. ஆயினும் அதன் பெயர்த் தகடு வேறு. ஆகவே முத்திரை, எண், அளவு ஆகிய மூன்றையும் ஒருங்கே பார்த்த பின்னரே பெயர் சூட்டுதல் வேண்டும்.

இக்கருவி விமானத்தின் வயிற்றில் பொருத்தப்படும். மின்விசையால் இயங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று, குறித்த இடைவெளிதோறும் படம் எடுக்கச் செய்யும். ஒரு படத்தில் கண்ட நிலத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் விழும். அவ்விரண்டையும் இரட்டைக் கண்ணாடியின் கீழ் வைத்து நோக்கினால் மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும்.

இனி ஒரு சிறு கணக்கு. 20 அங்குலக் குவியத் தூரமுள்ள வில்லையைப் பொருத்தி, 20,000 அடி உயரத்தில் பறப்பதாகக் கொள்வோம். 20,000 அடி என்பது 2,40,000 அங்குலம். அதை 20ஆல் வகுத்தால் 12,000. அதாவது, படத்தின் ஓர் அங்குலம் தரையில் ஆயிரம் அடி. ஒரே படத்தில் 5,000 அடிச் சதுர நிலம் அடங்கிவிடும். 20 அடி அகலமுள்ள ரயில் கரை, அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்காகத் தெரியும். 2 அடி அகலத் தோளையுடைய மனிதனோ ஐந்நூற்றில் ஒரு பங்கு!

இக்கணக்கைப் போட்டபோது என் மனம் கனத்தது. 1943 செப்டம்பரில் கல்கத்தாவை அடுத்த டம்டமில் 684ஆம் அணி அமைக்கப்பட்டது. அதன் மஸ்கிட்டோ விமானங்கள் பர்மாவையும் சயாமையும் படம்பிடித்து வந்தன. அவ்விரு நாடுகளையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில்பாதையை ஜப்பானியர் 1943 அக்டோபரில் முடித்திருந்தனர். அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் பசியாலும் காலராவாலும் மாண்டனர். என் பாட்டியின் தமையனார் மலாயாவுக்குப் போனவர். சயாமுக்குப் போனார் என்ற செய்தி வந்தது, அவர் வரவில்லை. உயரத்திலிருந்து நோக்கிய கண்ணாடிக்குப் பாதை தெரிந்தது, பாலம் தெரிந்தது. அவற்றை அமைத்த கைகள் தெரியவில்லை.

"அப்படியானால் இந்தப் பெட்டி சயாமின் மேல் பறந்ததா?" என்று நண்பரின் மகன் ஆவலோடு கேட்டான். 'ஆம்' என்று சொல்ல என் நாவும் துடித்தது; ஆயினும் சொல்லவில்லை. பெட்டியில் எழுதியிருப்பது அதன் பெயரும் பிறப்பும் மட்டுமே. எழுதியிராததை நாம் எழுதிச் சேர்ப்பது சரித்திரம் ஆகாது.

வியாபாரி தராசைச் சுருட்டிக்கொண்டு சென்றார். பெட்டி இன்றும் அவ்வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அன்று மாலையே அச்சிறுவன் அதன் எண்களையும் அளவுகளையும் ஓர் ஏட்டில் குறித்து வைத்தான். அதன் கீழே, நான் சொல்ல, என் பாட்டியின் தமையனார் பெயரையும் எழுதினான். கருவி காணாததை ஏடாவது காக்கட்டும் என்று எண்ணினேன். நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதேனும் ஒன்று இருக்கலாம். தராசு வருமுன் அதன்மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். வீட்டில் முதியோர் இருப்பின், எழுதியிராததை அவர்களிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.