அப்பாவின் ஷேவிங் பிரஷ்

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி தன் மேக்கப் பிரஷ்களை எல்லாம் கொண்டுவந்து குழாயடியில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். பெரிதும் சிறிதுமாக ஒன்பது உருப்படிகள்.

"இதுக்கெல்லாமா சோப்பு?" என்றேன்.

"முகத்துல படுறது தாத்தா. அழுக்கா இருந்தா பரு வரும்" என்றாள். கழுவியவற்றை ஒரு டம்ளரில் முடி மேலே இருக்கும்படி நிறுத்தி வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

புதுச்சேரியில் எங்கள் வீட்டில் ஷேவிங் பிரஷ்ஷை அப்பா "பிளேரோ" என்றுதான் சொல்வார். பிரெஞ்சுப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் அது ஒரு விலங்கின் பெயர் என்று தெரிந்தது. மண்ணில் வளை தோண்டி வாழும் அந்த விலங்கை ஆங்கிலத்தில் பேட்ஜர் என்பார்கள். அதன் முடி மென்மையானது, தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும். அதனால் அந்த முடியில் செய்த பிரஷ்ஷுக்கே விலங்கின் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தப் பிரஷ்ஷுக்குப் பின்னால் ஒரு போர்க்காலக் கதை உண்டு.

1914க்கு முன்பு ருஷ்யா முதலிய நாடுகளிலிருந்து வந்த முடி பெரும்பாலும் ஜெர்மனி வழியாகவே மற்ற நாடுகளுக்குப் போயிற்று. அங்கே அதைச் சுத்தம் செய்து தரம் பிரிப்பார்கள். முதல் உலகப்போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. அதே சமயம் தேவையோ கூடிவிட்டது. விஷவாயு முகமூடி முகத்தில் படிந்து நிற்க வேண்டுமென்றால் தாடி இருக்கக் கூடாது. லட்சக்கணக்கான சிப்பாய்களுக்குச் சவரச் சாமான் வேண்டியிருந்தது. வியாபாரிகள் ஆசிய நாடுகளிலிருந்து குதிரை முடியை வாங்கி, பேட்ஜர் முடி போலத் தெரியச் சாயமேற்றி, மலிவு பிரஷ்களாக்கி விற்றார்கள். கிருமி நீக்கம் மட்டும் விட்டுப்போயிற்று.

அந்த முடியோடு ஆந்த்ராக்ஸும் வந்தது. நம் ஊர் மாட்டுக்காரர்கள் அடைப்பான் என்று சொல்லும் அதே நோய்தான். பிரெஞ்சில் இதற்கு "ஷர்போன்" என்று பெயர், அதாவது கரி. தோலில் முதலில் சிறு கொப்புளம் போல வரும், பிறகு நடுவில் கரிபோலக் கறுத்துப் பொருக்குத் தட்டும், சுற்றிலும் வீங்கும். கத்தி பட்ட சிறு கீறல் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். பிரிட்டிஷ், அமெரிக்கச் சிப்பாய்களும் பொதுமக்களுமாக 200க்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படி நோய் வந்தது. சிலர் இறந்தும் போனார்கள். பெனிசிலின் இல்லாத காலம் அது.

சிப்பாய்கள் பிரஷ்ஷைக் கழுவாமலா இருந்திருப்பார்கள்? கழுவியிருப்பார்கள். ஆனால் பலன் இல்லை. இந்தக் கிருமி கெட்டியான ஓடு கொண்ட வித்தாக மாறி வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்று 1876லேயே ராபர்ட் கோக் காட்டியிருந்தார். சோப்பும் வெந்நீரும் அந்த வித்தை ஒன்றும் செய்யாது.

பிறகுதான் அரசாங்கங்கள் விழித்துக்கொண்டன. 1919ல் பிரிட்டன் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, ஆந்த்ராக்ஸ் தொற்றிய கம்பளி முடியைக் கிருமி நீக்கம் செய்ய ஏற்பாடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1920ல் ஜப்பானிய ஷேவிங் பிரஷ்களை இறக்குமதி செய்ய பிரிட்டன் தடை விதித்தது. 1921ல் லிவர்பூலில் கம்பளியைக் கழுவி, ஃபார்மால்டிஹைடில் நனைத்துச் சுத்தம் செய்யும் அரசு நிலையம் திறக்கப்பட்டது.

குமாஸ்தாவாக வேலை பார்த்த எனக்கு இதில் ஒன்று நன்றாகப் புரிகிறது. முதல் மேஜையில் இருப்பவர் சரிபார்க்காமல் இனிஷியல் போட்டுவிட்டால், அடுத்த மேஜையில் இருப்பவர் எவ்வளவு கவனமாக எழுதினாலும் கோப்பு தப்பாகத்தான் போகும். பிரஷ்ஷும் அப்படித்தான். செய்து விற்பவனுடைய சுத்தம் ஒன்று, வாங்கியவனுடைய சுத்தம் ஒன்று. முன்னது தவறினால் பின்னதால் ஈடுகட்ட முடியாது. முன்னது சரியாக இருந்தால், மிச்சம் நம் கையில்.

அப்பா தன் பங்கை ஒருநாளும் விட்டதில்லை. சவரம் முடிந்ததும் பிரஷ்ஷை அலசி, உதறி, காம்பில் கட்டிய நூலால் ஆணியில் தலைகீழாகத் தொங்கவிடுவார். சித்தப்பா கேட்டால்கூட இரவல் தரமாட்டார். கஞ்சத்தனம் என்று அப்போது நினைத்தேன்.

எழுந்து போய், டம்ளரில் இருந்த பிரஷ்களை எடுத்து முடி கீழே தொங்கும்படி கொடியில் கிளிப் போட்டு மாட்டினேன். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் அடிக்கட்டைக்குள் இறங்கிப் பசை இளகிவிடும், முடி உதிரும், உள்ளே ஈரம் தங்கி நாறும் என்று சொன்னேன். தோழிகளுக்குக் கொடுக்காதே என்றும் சொன்னேன்.

"இது நைலான் தாத்தா, குதிரை முடி இல்ல" என்று சிரித்தாள்.

"முகம் அதே முகம்தானேம்மா" என்றேன்.

மறுவாரம் பார்த்தேன். ஒன்பதும் கொடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன.