வயதான அப்பாவின் கால் மெலிவது ஏன்? ஹார்மோன் ஊசி போட்டால் சரியாகுமா?

பெக்கோக் வட்டாரத் தோட்டங்களில் முப்பது, நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர்கள், செம்பனைக் குலை தூக்கியவர்கள் பலர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றுகிறார்கள். சிலுவார் இடுப்பில் நிற்பதில்லை. கேட்டால், "வயசாயிடுச்சு, வேற என்ன?" என்பார்கள்.

வயது ஒரு காரணம்தான். ஆனால், தசையும் அதன் பலமும் இப்படிக் குறைவதற்கு மருத்துவத்தில் சார்கோபீனியா என்று தனிப் பெயரே உண்டு. தொடைத் தசை கரைந்தால் அடுத்து வருவது வழுக்கி விழுதல், இடுப்பெலும்பு முறிவு, பிறகு படுக்கை.

ஹார்மோன்தான் காரணமா?

ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன், நடுவயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதைப் போல திடீரென நிற்பதில்லை. 2010-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், 40 முதல் 79 வயது ஆண்களில் சுமார் 2 விழுக்காட்டினருக்கு மட்டுமே அறிகுறிகளோடு கூடிய உண்மையான குறைபாடு இருந்தது.

தொப்பையும் நீரிழிவும் இந்த ஹார்மோனை மேலும் இறக்கிவிடும். நீரிழிவு தசையையும் கரைக்கும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். மோனாஷ் பல்கலைக்கழகத்தின் சமூகச் சுகாதார ஆய்வு மையம் சிகாமட் மாவட்டத்தில் ஐந்து முக்கிம்களின் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. அதில் பெக்கோக்கும் ஒன்று. நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவை அங்கே முக்கிய ஆய்வுப் பொருள்கள்.

ஊசி, ஜெல் உதவுமா?

65 வயதுக்கு மேற்பட்ட 790 ஆண்களிடம் அமெரிக்காவில் நடந்த சோதனையின் முடிவு 2016-இல் வந்தது. பாலுறவு நாட்டம் ஓரளவு கூடியது. நடக்கச் சிரமப்பட்டவர்களின் நடையில் சொல்லும்படி மாற்றமில்லை. பின்னர் வந்த பெரிய ஆய்வில், ஹார்மோன் எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு கூடுதலாகவே இருந்தது. அதனால் இரண்டு வெவ்வேறு நாள் காலையில் இரத்தம் எடுத்துப் பார்த்து, குறைபாடு உறுதியான பிறகே மருத்துவர் இதைப் பற்றிப் பேசுவார்.

வீட்டிலேயே பார்க்கலாம்

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், கெண்டைக்காலின் சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், கிளினிக்கில் காட்டுவது நல்லது. ஆசிய மருத்துவர் குழு 2019-இல் வகுத்த அளவுகள் இவை.

பலன் தருவது தசைக்கு வேலை கொடுப்பது. 1990-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், சராசரி 90 வயதான பத்து முதியோர் இல்லவாசிகள் எட்டு வாரம் எடை தூக்கிப் பழகினார்கள். கால் பலம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. வெறும் காலை நடை போதாது. அதே நாற்காலிப் பயிற்சியை வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்தாலே நல்ல தொடக்கம்.

சாப்பாட்டில் கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராமுக்குக் குறையாமல். இரவில் தேநீரும் ரொட்டியும் மட்டும் என்றால் எப்படி எட்டும்? முட்டை, மீன், பருப்பு, தெம்பே எதுவானாலும் சரி. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக் கூட்டுங்கள்.

ஜாமு எடுப்பவர்கள் கவனிக்க

மூட்டுவலிக்கு விற்கப்படும் சில ஜாமு, மாஜூன் வகைகளில் டெக்ஸாமெத்தசோன் எனும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி சட்டென்று போகும். ஆனால் அதே மருந்து தொடைத் தசையை அரிக்கும், சர்க்கரையை ஏற்றும். 'ஆண்மை' காப்பி, தோங்காட் அலி பொட்டலங்கள் சிலவற்றிலும் அறிவிக்கப்படாத மருந்துகள் சிக்கியுள்ளன. மருந்துப் பொட்டலத்தில் மால் பதிவு எண் உள்ளதா பாருங்கள். பல மாதம் எடுத்துவந்ததைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.