தெருவைக் கீறிய கையும் சட்டம் எழுதிய கையும்

ரங்கூன் என்றதும் எம்மவர் நினைவுக்கு வருவன செட்டியாரின் வட்டிக்கடையும் 1942 இன் கால்நடைப் பயணமும்தான். அந்நகரின் இன்னொரு வரலாற்றைப் பன்சொடான் தெருவை முன்வைத்துப் பேசலாம்.

1852 இல் நகரைக் கைப்பற்றிய பிரித்தானியர் ஆற்றங்கரையோரம் சதுரங்கப் பலகைபோலத் தெருக்களைக் கீறினர். அவற்றில் ஒன்றான பேயர் வீதியே பிற்காலத்தில் பன்சொடான் ஆயிற்று. பக்தாத் யூதக் குடும்பமொன்று 1906 இல் எழுப்பிய சோஃபேர் கட்டிடம் இத்தெருவில்தான் நிற்கிறது. 1931 இல் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். யுத்தமும், 1962 இல் வந்த இராணுவ ஆட்சியின் தேசியமயமாக்கலும் அவர்களில் பெருந்தொகையினரை வெளியேற்றின. அதே சோஃபேர் கட்டிடத்தில் 1971 இல் ஓவியர்கள் லோகநாத் ஓவியக்கூடத்தைத் திறந்தனர். நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் பரவின. 2008 இல் தொடங்கிய பன்சொடான் ஓவியக்கூடத்தில் செவ்வாய் இரவுகளில் ஓவியரும் எழுத்தாளரும் வழிப்போக்கரும் கூடிப் பேசினர். வணிகரின் தெரு கலைஞரின் தெருவானது இவ்வாறுதான்.

இந்நகர மையத்தில் தன்பால் விருப்புடையோருக்கும் திருநங்கையருக்கும் இடம் இருந்ததா? ஒருவகையில் இருந்தது. நாட் தெய்வங்களுக்கு ஆடும் சாமியாடிகளாகவும் ஒப்பனைக் கலைஞராகவும் பர்மியச் சமூகம் அவர்களை ஏற்றுக்கொண்டது. ஆனால் தெருவைக் கீறிய அதே ஆட்சி இரண்டு சட்டங்களையும் விட்டுச்சென்றது. ஒன்று, தண்டனைச் சட்டத்தின் 377 ஆம் பிரிவு. மற்றது, 1899 இன் ரங்கூன் பொலிஸ் சட்டம். இருட்டிய பின் முகத்தை மறைத்தோ உருமாறியோ நடமாடி, தக்க காரணம் சொல்ல முடியாதவரைக் கைதுசெய்ய அது வழிவிட்டது. திருடரைப் பிடிக்கவென வந்த இச்சட்டத்தைப் பொலிசார் திருநங்கையர்மீது ஏவினர். பகலில் ஒப்பனை செய்யக் கூப்பிடப்பட்டவர் இரவில் அதே தெருவில் குற்றவாளியானார்.

2014 இல் இம்மக்களின் வாழ்வு பற்றிய திரைப்பட விழாவொன்று யாங்கூனில் தொடங்கியது. 2018 இல் அது தக்கின் மியா பூங்காவின் திறந்தவெளிக்கு வந்தது. 2021 பெப்ரவரியில் இராணுவச் சதிக்கு எதிரான ஊர்வலங்களில் வானவில் கொடிகளும் பறந்தன. துப்பாக்கிகள் அந்தத் தெருக்களை மௌனமாக்கின. 377 ஆம் பிரிவோ ஏட்டில் அப்படியே இருக்கிறது.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. கண்டும் காணாமல் விடுதல் ஒரு சலுகை மட்டுமே. கொடுத்தவர் அதை எப்போதும் பறித்துக்கொள்ளலாம். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 இல் வயது வந்தோரின் விருப்பமான உறவை 377 இன் பிடியிலிருந்து விடுவித்தது. இலங்கையிலோ 365, 365அ பிரிவுகள் நீடிக்கின்றன. ஒடுக்குமுறையின் பெயரால் புகலிடம் கேட்டுப் பெற்றவர்கள் நாம். எமது வீடுகளிலும் சங்கங்களிலும் இவர்களுக்கு நாம் வைத்திருப்பது உரிமையா, இல்லை ரங்கூன் கொடுத்ததுபோன்ற பகல்நேர இடம் மட்டுமா?