பள்ளிப் பந்தி

பசிப்பிணி தீர்த்தலைத் தலையாய அறமாகக் கொண்டது தமிழினம். அமுதசுரபி ஏந்திய மணிமேகலை வஞ்சி மாநகருக்கும் வந்தாள் என்று நம் காப்பியம் கூறும். அவ்வஞ்சியின் பெயரைத் திருவிதாங்கூர் அரசு உவந்து பூண்டது. இங்குப் பள்ளிச் சிறார்க்கு நண்பகல் உணவளிக்க உதவிய நிதியும் ‘வஞ்சி ஏழையர் நிதி’ என்றே வழங்கிற்று.

அன்னமிடுதல் இந்நாட்டிற்குப் புதிதன்று. மன்னர்கள் பல ஊர்களில் ஊட்டுப்புரைகளை நிறுவினர். ஆயின், அங்கே இலை விரிந்தது அந்தணர்க்கே. நம் முன்னோருள் சிலர் அப்பந்தியில் அமர்ந்து உண்டனர். பலர் அதன் வாயிலையும் மிதித்திலர். இவ்விரண்டையும் நினைவிற் கொண்டாலன்றிப் பள்ளிப் பந்தியின் பெருமை விளங்காது.

அப்பந்திக்கு முதன்முதல் வித்திட்டது சென்னை. 1920-ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் ஏழைச் சிறார்க்குச் சிற்றுண்டி வழங்க இசைந்தது. ஒரு மாணவர்க்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாச் செலவு. பசித்த பிள்ளை பள்ளிக்கு வாராது என்பதை உணர்ந்து செய்த செயல் அது.

திருவிதாங்கூரில் இம்முயற்சி 1940-களில் வேரூன்றியது. சித்திரைத் திருநாள் மன்னராகவும், சர் சி. பி. இராமசாமி ஐயர் திவானாகவும் விளங்கிய காலம் அது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ஏழையர் இல்லங்களில் மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. கிழங்கு வயிற்றை நிரப்பும். ஆயின் அதிற் புரதம் மிகக் குறைவு. வளரும் உடலுக்கு அது போதாது.

1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நாம் வாழும் திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. அதே ஆண்டில் காமராசர் தமிழகத்தில் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கினார். கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதற்குத் துணை நின்றார். கேரளப் பள்ளிகளில் 1960-களில் ‘கேர்’ என்னும் அமெரிக்க நிறுவனம் உதவிய பொருள்களால் உப்புமா வெந்தது. இன்றைய பாட்டனார் பலர் அதன் மணத்தை இன்னும் மறந்திலர்.

தமிழகத்தில் 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கேரள அரசு தன் சொந்த நிதியால் 1984 டிசம்பர் 1-ஆம் நாள் மீனவர் ஊர்களிலுள்ள 222 தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கிற்று. மறு ஆண்டில் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 1987-88-இல் ஏழாம் வகுப்பு வரையும் அது விரிந்தது. அன்று இட்டது கஞ்சியும் சிறுபயறும். எளிய உணவேயெனினும் அதில் நுட்பம் உண்டு: அரிசிப் புரதத்தில் குறைந்த லைசின் என்னும் சத்தைப் பயறு நிறைவு செய்யும்.

பள்ளி செல்லா இளஞ்சிறார்க்கும் தாய்மார்க்கும் 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது. அதன் வழி அங்கன்வாடிகள் எழுந்தன. 2001-இல் உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு வழங்குமாறு நாடெங்கும் ஆணையிட்டது. மன்னர் கொடையாகத் தொடங்கிய அன்னம் குழந்தையின் உரிமையாயிற்று.

நம் குடியிருப்பிலும் ஒரு வழக்கம் காண்கிறோம். “அது ஏழைகள் சோறு” என்று சொல்லி, நம் பிள்ளைகள் கையிற் சோற்றுப் பாத்திரம் கொடுத்தனுப்புகிறோம். அவர்கள் வேறொரு மூலையில் அமர்ந்து உண்கின்றனர். ஊட்டுப்புரையின் வாயில் இவ்வாறு மீண்டும் அடைபடலாமா? அன்பர்களே, கிழமைக்கொரு நாளேனும் நம் செல்வங்கள் அப்பந்தியில் தோழரோடு ஒருங்கே அமர்ந்து உண்ணட்டும். நாமும் பெற்றோர் கூட்டங்களுக்குச் சென்று, பயறும் காய்கறியும் பாலும் முட்டையும் முறையே கிடைக்கின்றனவா என்று கேட்டறிவோம். மணிமேகலையை நம்மவள் என்று போற்றுவோர்க்கு அதுவே கடன்.