நோரா ஜோன்ஸ்

நோரா ஜோன்ஸ் (பிறப்பு: மார்ச் 30, 1979) ஓர் அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர், பியானோ இசைக்கலைஞர். ஜாஸ் இசையின் ஒத்திசையையும் தாள நெகிழ்வையும் பாப் பாடல்களின் எளிய அமைப்புடன் கலந்து பாடுபவர். சித்தார் மேதை ரவி சங்கரின் மகள். 2002 இல் வெளிவந்த இவரது முதல் இசைத்தொகுப்பான "கம் அவே வித் மீ" உலகெங்கும் இரண்டரைக் கோடிக்கும் அதிகமான படிகள் விற்றது.

இளமைக்காலம்

நியூயார்க் நகரில் பிறந்த இவரது இயற்பெயர் கீதாளி நோரா ஜோன்ஸ் சங்கர். பெற்றோர் பிரிந்தபின் தாயார் சூ ஜோன்சுடன் டெக்சஸ் மாநிலத்தின் கிரேப்வைன் நகரில் வளர்ந்தார். தேவாலயப் பாடகர் குழுவில் பாடத் தொடங்கிய இவர் சிறு வயதிலேயே பியானோவும் கற்றார். தாயாரிடம் இருந்த பில்லி ஹாலிடே இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டதே இவருக்கு முதற் பாடமாக அமைந்தது. பதினாறாம் வயதில் தம் பெயரைச் சட்டப்படி நோரா ஜோன்ஸ் என மாற்றிக்கொண்டார். வடக்கு டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் பியானோ பயின்ற இவர், படிப்பை முடிக்காமலேயே 1999 இல் நியூயார்க் சென்றார்.

முதல் இசைத்தொகுப்பு

1939 இல் தொடங்கப்பட்ட புளூ நோட் நிறுவனம் ஜாஸ் இசைக்குப் பெயர்பெற்றது. அந்நிறுவனம் வெளியிட்ட கம் அவே வித் மீ தொகுப்பை ஆரிஃப் மார்தின் தயாரித்தார். பெரும்புகழ் பெற்ற "டோன்ட் நோ வை" பாடல் முதலில் மாதிரிப் பதிவாகவே பாடப்பட்டது. பின்னர் அதைவிடச் சிறப்பாகப் பாட இயலாது எனக் கருதப்பட்டு, சிறு சேர்க்கைகளுடன் அதுவே தொகுப்பில் இடம்பெற்றது.

தமிழ்த் திரையிசையில் கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் என மூவர் பகிர்ந்துகொள்ளும் பணியை ஒருவரே செய்வது மேற்கத்திய மெல்லிசையில் ஒரு மரபாகும். நோராவும் அம்மரபினராகவே அறியப்படுகிறார். ஆயினும் இத்தொகுப்பின் 14 பாடல்களில் அவர் தனித்து எழுதியவை இரண்டு மட்டுமே. டோன்ட் நோ வை பாடலை எழுதியவர் ஜெஸ்ஸி ஹாரிஸ். வேறு சில பாடல்கள் குழுவின் பேஸ் கலைஞர் லீ அலெக்சாண்டருடையவை. மற்றவர் எழுதியதையும் தம்முடையதாகக் கேட்கச் செய்ததே அக்குரலின் வலிமை எனலாம்.

2003 கிராமி விருது விழாவில் இவருக்கு ஒரே இரவில் ஐந்து விருதுகள் கிடைத்தன.

இசைப்பாணி

இவரது பாடல்களை முதன்முறை கேட்போருக்கு அவை மிகச் சாதாரணமாகத் தோன்றக்கூடும். குரல் உச்சத்தை நாடுவதில்லை. பியானோவும் விரைந்து ஓடுவதில்லை. கூர்ந்து கேட்டால் மூன்று செய்திகள் புலப்படும். சொற்கள் தாளத்தின் அடியில் சரியாக விழாமல் சற்றுத் தாமதித்து விழுகின்றன. இது பில்லி ஹாலிடே வழி வந்த ஜாஸ் பழக்கம். அடுத்து, குரல் நிற்குமிடத்தில் பியானோ பேசுகிறது. கருநாடக இசைக் கச்சேரியில் பாடகர் விடும் இடைவெளியை வயலின் கலைஞர் நிரப்புவதை இதனோடு ஒப்பிடலாம். இங்கு இருவரும் ஒருவரே என்பதுதான் வேறுபாடு. மூன்றாவதாக, ஹாங்க் வில்லியம்சின் "கோல்டு கோல்டு ஹார்ட்" போன்ற கன்ட்ரி பாடல்களையும் இவர் ஜாஸ் நடையில் பாடுகிறார். டெக்சஸ் வளர்ப்பு இங்கு வெளிப்படுகிறது. முதல் தொகுப்பின் இறுதிப் பாடலான "தி நியர்னெஸ் ஆஃப் யூ" குரலும் பியானோவும் மட்டுமே கொண்டது. புதிதாகக் கேட்பவர்கள் அதிலிருந்து தொடங்குவது நல்லது.

இவரது இசை ஜாஸ் தானா என்ற வினா தொடக்கம் முதலே எழுந்துள்ளது. மனோதர்மத்துக்கு இடம் குறைவு, பாடல்கள் உறக்கத்தை வரவழைப்பவை எனச் சில விமர்சகர்கள் குறைகூறினர். தனிவாசிப்பு சில அடிகளோடு முடிந்துவிடுகிறது என்பது உண்மையே. கற்பனைசுரம் எதிர்பார்த்து வருபவருக்கு இங்கு துக்கடாவே கிடைக்கும். ஆனால் துக்கடாவை நன்றாகப் பாடுவது எளிதன்று.

பிற்காலத் தொகுப்புகள்

"ஃபீல்ஸ் லைக் ஹோம்" (2004) அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. அதே ஆண்டு வெளிவந்த ரே சார்லசின் இறுதித் தொகுப்பில் அவருடன் இணைந்து பாடினார். "நாட் டூ லேட்" (2007) தொகுப்பில்தான் எல்லாப் பாடல்களும் அவர் தனித்தோ பிறருடன் சேர்ந்தோ எழுதியவையாக அமைந்தன. அதன்பின் "தி ஃபால்" (2009) தொகுப்பில் கிதார் முன்னுக்கு வந்தது. "டே பிரேக்ஸ்" (2016) மூலம் மீண்டும் பியானோவுக்குத் திரும்பினார். சாக்சபோன் மேதை வெய்ன் ஷார்ட்டர் இதில் வாசித்துள்ளார். "விஷன்ஸ்" 2024 இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு கிராமி விருது பெற்றது.

தந்தையும் சகோதரியும்

சிறுவயதில் பல ஆண்டுகள் தந்தையுடன் தொடர்பின்றி இருந்த நோரா, பதினெட்டாம் வயதில் மீண்டும் அவரைச் சந்தித்தார். புகழ்பெற்றபின் இந்திய இதழ்கள் இவரை ரவி சங்கரின் மகள் என்றே அறிமுகப்படுத்தின. இவரோ தம் இசையைத் தந்தையின் இசையோடு தொடர்புபடுத்திப் பேசுவதைப் பெரிதும் தவிர்த்தார். அது நியாயமானதே, இவரது பாடல்களில் இராகத்தையோ சித்தாரையோ தேடுவது வீண்.

ரவி சங்கருக்கும் தமிழரான சுகன்யாவுக்கும் பிறந்த அனுஷ்கா சங்கர் தந்தையிடமே சித்தார் பயின்றவர். ரவி சங்கர் டிசம்பர் 11, 2012 அன்று காலமானார். அவருக்கு அறிவிக்கப்பட்டிருந்த வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருதைச் சகோதரிகள் இருவரும் 2013 இல் பெற்றுக்கொண்டனர். அவ்வாண்டு வெளிவந்த அனுஷ்காவின் "டிரேசஸ் ஆஃப் யூ" தொகுப்பில் மூன்று பாடல்களை நோரா பாடியுள்ளார். நோராவின் குரலையும் சித்தாரையும் ஒருசேரக் கேட்க விரும்புவோர் நாட வேண்டிய தொகுப்பு அதுவே.